ஐந்து பேர் பெயர், ஒருத்தி உழைப்பா?

“மேடம், புராஜெக்ட் ரிப்போர்ட் அட்டையில் ஐந்து பேர் பெயர் இருக்கிறது. வேலை செய்வது நான் ஒருத்திதான்.” கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்த கடிதம் இப்படித்தான் தொடங்குகிறது. எழுதியவர் இறுதியாண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவி. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றிவிட்டு, சுருக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

அவருடைய கல்லூரியில் இந்த ஆண்டு பல துறை மாணவர்களைக் கலந்து குழு பிரித்திருக்கிறார்கள். இவருடைய குழுவில் இயற்பியல், புவியியல், சமூகப்பணி, காட்சித் தொடர்பியல் என்று துறைக்கு ஒருவர். தலைப்பு, மண்சரிவு எச்சரிக்கை. மழைமானியும் மண் ஈரப்பதம் பார்க்கும் சென்சாரும் வைத்து, அளவு தாண்டினால் ஊர்க்காரர்களின் போனுக்குச் செய்தி போகவேண்டும். புரோகிராம் முழுக்க இவர் எழுதியது. சமர்ப்பிக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. மற்றவர்களைப் பற்றி அவர் எழுதியதை அவருடைய வார்த்தையிலேயே தருகிறேன்.

“பிசிக்ஸ் பையன் நாலரை பஸ் என்று ஓடிவிடுவான். தினமும் காலையில் மழைமானியை ஒரு போட்டோ எடுத்து, ‘இலையை எடுத்துவிட்டேன்’ என்று குரூப்பில் போடுவான். அவ்வளவுதான் அவன் வேலை. சோஷியல் வொர்க் பெண் ஹட்டியில் (படுகர்கள் வாழும் ஊர்) பாட்டிகளோடு மூன்று மணி நேரம் டீ குடித்துவிட்டு இரண்டு பக்கம் எழுதி வந்தாள். ஊற்றுத் தண்ணீர் கலங்கியது, கதவு சாத்த வரவில்லை என்று பாட்டிக் கதை. ஜியாகிராபி பையன் ஒரு மாதமாக மேப்புக்குக் கலர் அடித்தான். அவன் எழுதிய பகுதி புரியவே இல்லை. ஒரே ராத்திரியில் ஏஐயிடம் கொடுத்து நானே திருத்தி எழுதிவிட்டேன். அதிலிருந்து அவன் என்னிடம் பேசுவதில்லை. விஸ்காம் பையன் மூன்று ரிவ்யூவுக்கும் வரவில்லை. ஆனால் மழைமானி பக்கத்தில் நின்று ‘என் புராஜெக்ட்’ என்று ரீல்ஸ் போட்டுவிட்டான்.”

கடைசியில் மூன்று கேள்வி. வேலை செய்யாதவர்களின் பெயரை ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிடலாமா? என் புரோகிராமை எடுத்துக்கொண்டு தனியாகச் சமர்ப்பிக்க எனக்கு உரிமை உண்டா? எனக்குத்தான் கூட்டாக வேலை செய்யத் தெரியவில்லையா?

தங்கையே, முதலில் ஒன்று. இரவு இரண்டு மணி வரை கண்விழித்து, அடுத்த நாள் பாராட்டு வேறொருவருக்குப் போவதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை நாலு பேருக்கும் சமமாகப் பங்கு போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வேலை செய்யாதவர் என்று ஒருவரைத்தான் என்னால் அதில் பார்க்க முடிந்தது. மற்ற மூவர் செய்த வேலையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது வேலை என்று தெரியாமல்.

காலை போட்டோ

என் அப்பா குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து, சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அளவு பார்ப்பார். அப்புறம் ஒரு நீள நோட்டில் குறிப்பார். கல்யாணமோ காய்ச்சலோ, அந்த எட்டரை தவறாது. வானிலைத் துறையின் கணக்கும் காலை எட்டரைக்கு எட்டரைதான். சின்ன வயதில் எனக்கு அது ஒரு வேலையாகவே தெரிந்ததில்லை.

நீங்கள் வைத்திருப்பது, உள்ளே சின்ன வாளி இரண்டு பக்கமும் சாயும் வகை மழைமானி என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே புனல், கீழே சீசா பலகை மாதிரி ஒரு வாளி. குறிப்பிட்ட அளவு தண்ணீர் நிறைந்ததும் ‘டக்’ என்று சாய்ந்து கொட்டும். உங்கள் புரோகிராம் எண்ணுவது அந்த ‘டக்’கைத்தான். சரி, பக்கத்துச் சில்வர் ஓக் மரத்திலிருந்து ஒரு இலை விழுந்து புனல் வாயை அடைத்துக்கொண்டால்? வெளியே கொட்டித் தீர்க்கும், உங்கள் திரையில் பூஜ்யம் காட்டும். புரோகிராமில் ஒரு பிழையும் இருக்காது. எச்சரிக்கை மட்டும் போகாது.

அந்த இலையைத்தான் அந்தப் பையன் தினமும் எடுக்கிறான். மழைமானி இருப்பது அவனுடைய எஸ்டேட் லயன் வீட்டுக்கு மேலே என்றும் உங்கள் கடிதமே சொல்கிறது. பனியிலும் மழையிலும் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு என்று அவனிடம் கேட்டீர்களா? மலையில் பஸ் நேரம் ஒருவருடைய ஆர்வத்தை அளக்கும் கருவி ஆகாது. டவுனில் வீடு இருப்பவர் ஆறு மணி வரை உட்காரலாம், எஸ்டேட் பிள்ளையால் முடியாது.

பாட்டிகளோடு குடித்த டீ

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், உங்கள் புராஜெக்ட்டின் உயிர் இங்கே இருப்பதாக எனக்குத் தோன்றுவதால். ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது, கதவும் ஜன்னலும் சட்டத்தில் இறுகுவது, மரமும் கம்பமும் சாய்வது, தரையில் புது விரிசல். மண் நகரத் தொடங்குவதற்கான அறிகுறிகள் என்று பேரிடர் மேலாண்மைக் கையேடுகள் பட்டியல் போடுவது இவற்றைத்தான். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்த வாரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்தப் பாட்டிகள். அவர்கள் கதவு சாத்த வரவில்லை என்று சொன்னால், அது உங்கள் சென்சார் இல்லாத இடத்தில் எடுத்த ஒரு அளவு. அதைக் கேட்டு வாங்க மூன்று மணி நேரம் ஆகத்தான் செய்யும். போனவுடன் நோட்டைத் திறந்தால் எந்தப் பாட்டியும் வாய் திறக்கமாட்டார், முதலில் டீ, அப்புறம் உன் அம்மா யார், எந்த ஹட்டி, பிறகுதான் மழை.

அந்தப் பெண் கூட்டத்தில் இதை ஏன் அழுத்திச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். 1985ல் கேரி ஸ்டாஸர், வில்லியம் டைட்டஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதற்கு விடை சொல்கிற ஒரு சோதனை செய்தார்கள். மாணவர் தலைவர் பதவிக்கு மூன்று பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்படி சிறு குழுக்களிடம் சொன்னார்கள். மிகத் தகுதியானவரைப் பற்றிய நல்ல செய்திகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எல்லாரும் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சரியான ஆள் வந்திருப்பார். ஆனால் பெரும்பாலான குழுக்கள் அவரைத் தவறவிட்டன. எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசினார்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்தது அவரோடே தங்கிவிட்டது.

பல துறைக் குழுவுக்கு இது பெரிய ஆபத்து. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது என்று ஆளுக்கொன்று இருக்கட்டும் என்றுதானே உங்களைக் கலந்தே போட்டிருக்கிறார்கள்? உங்கள் கூட்டங்களில் பேச்சு முழுக்கக் கோடிங் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சென்சார் பெயரும் பிழைச் செய்தியும் ஓடும் இடத்தில், ‘பாட்டி சொன்னாங்க’ என்று ஆரம்பிக்க ஒரு பெண்ணுக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும்!

கலர் அடித்த பையன்

அவர் எழுதியது புரியவில்லை என்கிறீர்கள். அதில் ஒரு வரியை எரிச்சலோடு எனக்கு எடுத்து எழுதியிருக்கிறீர்கள்: ‘கூடலூருக்கு வைத்த மழை வரம்பைக் கோத்தகிரிக்கு வைக்க முடியாது.’ எனக்கு அந்த வரி நன்றாகவே புரிந்தது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கமெல்லாம் தென்மேற்குப் பருவமழை அடிக்கும் சரிவு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அது அந்தப் பக்கம். கோத்தகிரியும் குன்னூரும் கிழக்கு முகம் பார்த்தவை. இங்கே பயம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கோடு வரும். ஒரே மாவட்டம்தான், மழை இரண்டு. அதோடு, ஓடை போன பழைய வழியை மறித்து வீடோ ரோடோ வந்த இடத்தில் குறைந்த மழைக்கே மண் இறங்கலாம். அவர் அடித்த கலர் அந்த ஓடை வழிகளாக இருந்தால், உங்கள் எச்சரிக்கை யாருக்குப் போகவேண்டும் என்பதை அந்த மேப்தான் சொல்லும். நீங்கள் திருத்திய பிறகு அந்த வரி ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது என்று என் ஊகம். வழவழப்பாக எழுதச் சொன்னால் ஏஐ முதலில் சீவித் தள்ளுவது இப்படிப்பட்ட முரட்டு வரிகளைத்தான்.

இதை உபதேசமாகச் சொல்லவில்லை, நானே செய்த தப்பு. முதுகலை படிக்கும்போது நாலு பேர் களப்பணியை ஒரே இரவில் ‘அழகாக’ எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் நன்றி சொல்வார்கள் என்று நினைத்தேன். வைவாவில் வெளித் தேர்வாளர் ஒரு பகுதியைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியாது. தெரிந்த தோழி மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்தில் அவளுடைய வாக்கியம் ஒன்றுகூட இல்லை, அவள் ஏன் வாய் திறக்கவேண்டும்?

எண்பது சதவீதக் கணக்கு

வேலையில் எண்பது சதவீதம் உங்களுடையது என்று கணக்கும் போட்டிருக்கிறீர்கள். பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் மற்ற நாலு பேரையும் தனித்தனியாகக் கேட்டால் அவர்கள் சொல்லும் எண்களைக் கூட்டிப் பாருங்கள். 1979ல் மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி என்ற இருவர் கணவன் மனைவியிடம் வீட்டு வேலைகளில் தன் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். பெரும்பாலான வேலைகளில் கூட்டுத்தொகை நூறைத் தாண்டியது. சண்டையை ஆரம்பிப்பது யார் என்பதிலும் அப்படியே, இருவரும் தன் பங்கைக் கூட்டித்தான் சொன்னார்கள். காரணம் பேராசை என்று சொல்லமுடியாது. நம் ராத்திரி நமக்கு நினைவிருக்கிறது, அடுத்தவர் விடியற்காலை ஏறிய மேடு நமக்கு நினைவில்லை.

ரீல்ஸ் போட்டவர்

இப்போது உங்கள் கோபத்துக்கு முழு நியாயம் உள்ள ஆளுக்கு வருவோம்.

ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டும் என்போம். வடத்தைப் பிடித்தபடி சும்மா நடந்து வரும் ஆளும் எந்தத் தேரிலும் உண்டு. மேக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் கயிறு இழுக்கவைத்தே இதை அளந்து 1913ல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவர் போடும் பலம் குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஒவ்வொருவரிடமிருந்தும், அவர் தனியாக இழுக்கக்கூடியதில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. ஒரே நேரத்தில் எல்லாரும் இழுக்காதது ஒரு காரணம். ‘நான் விட்டாலும் தேர் நகரும்’ என்ற எண்ணம் இன்னொன்று. பிறகு வந்த ஆய்வுகள் இந்த இரண்டாவதைக் குறைக்கும் வழியையும் காட்டின. யார் எவ்வளவு செய்தார் என்பது தனியாகத் தெரியும்படி வைத்தால் கை தானாக இறுகும்.

அவருக்கு இதுவரை நீங்கள் கொடுத்த வேலை என்ன? ‘வீடியோ, டிசைன் மாதிரி ஏதாவது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொன்னால் ரீல்ஸ்தான் வரும். தேதி போட்டு ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள். எனக்குத் தோன்றுவது, எச்சரிக்கைச் செய்தியே. ‘மண் ஈரப்பதம் வரம்பைக் கடந்தது’ என்று போன் காட்டினால் லயனில் இருக்கும் அம்மாவுக்கு என்ன புரியும்? எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்குக் குரலாக, படமாக, முடிந்தால் படுகர்களின் மொழியான படுகுவிலும் அது போகவேண்டும். இது காட்சித் தொடர்பியல் படித்தவரின் வேலைதான், நீங்கள் செய்தால் நன்றாக வராது. பத்து நாள் கொடுங்கள். ரீல்ஸில் மற்ற நாலு பேரின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள், குரூப்பில் கேட்காமல் நேரில் கேளுங்கள். பத்தாம் நாளும் கை விரித்தால் கைடிடம் போங்கள். ‘இவன் சரியில்லை மேடம்’ என்று மட்டும் போகாமல், கொடுத்த வேலை, கொடுத்த தேதி, வந்த பதில் மூன்றையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

பெயரும் புரோகிராமும்

பெயரை நீங்களாக எடுக்கக்கூடாது. குழுவை அமைத்தது கல்லூரி, கலைப்பதும் அவர்கள் கையில். ரகசியமாக எடுத்தால், நாளை விசாரணை என்று வரும்போது குற்றவாளிக் கூண்டில் நீங்கள் நிற்பீர்கள். இன்னொரு வழி, பெயர் இருக்கட்டும், பங்களிப்பு என்று தனியாக ஒரு பக்கம் சேர்ப்பது. ஆய்வு இதழ்கள் பலவற்றில் இப்போது இதுதான் வழக்கம். கருத்து, தரவு சேகரிப்பு, மென்பொருள், எழுத்து என்று 14 வகைப் பங்குகளாகப் பிரித்த ஒரு முறையே புழக்கத்தில் உள்ளது. யார் எதைச் செய்தார் என்று ஒருவருக்கு இரண்டு வரி எழுதி, ஐந்து பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஒன்றும் செய்யாதவர் தன் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று தானே திண்டாடட்டும்.

புரோகிராம் பற்றி. நான் வக்கீல் இல்லை, ஆனால் அடிப்படை இதுதான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமையும் இலக்கியப் படைப்புகளோடு சேர்த்தே பார்க்கிறது. நீங்கள் தனியாக எழுதியது என்றால் பொதுவாக உரிமை உங்களுக்கு. கல்லூரியில் சேரும்போது கையெழுத்திட்ட விதிகளில் வேறு மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எடுத்துக்கொண்டு போவது எதை? மழை அளவு அவன் ஏறிப் பார்த்தது. பாட்டிகளின் சொல் அந்தப் பெண்ணை நம்பிக் கொடுத்தது. ஓடை வழிகள் மேப்காரருடையவை. இவற்றைக் கேட்காமல் தனி ரிப்போர்ட்டில் போட்டால் அடுத்தவர் உழைப்பை எடுத்த புகாராகிவிடும். அவை இல்லாமல் போனால் உங்கள் கையில் இருப்பது, எந்த மலைக்கு, எப்போது, யாருக்கு என்று தெரியாமல் ஒலிக்கும் ஒரு மணி.

மதிப்பெண்ணில் அநியாயம் நடந்ததாக உண்மையிலேயே ஆதாரம் இருந்தால் வழி இருக்கிறது. யுஜிசியின் 2023 விதிகளின்படி கல்லூரிகளில் மாணவர் குறைதீர்க் குழு இருக்கவேண்டும், புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தரவேண்டும். ஆனால் ஆறு வாரத்தில் மூன்று வாரத்தை அதற்குக் கொடுக்கப் போகிறீர்களா என்று யோசியுங்கள். இப்போதைக்கு அந்தக் கதவைத் தட்டவேண்டிய நிலை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது கேள்வி

கூட்டாக வேலை செய்யத் தெரியவில்லையா என்று கேட்டீர்கள். தன் கையே தனக்குதவி என்று வளர்ந்தவர் நீங்கள். பிளஸ் டூ வரை அது மார்க் வாங்கித் தந்தது. கூட்டு வேலையை உங்களுக்கு யாரும் சொல்லித்தரவே இல்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று ஒரு ஆலோசகருக்கு எழுதிக் கேட்கிறவருக்கு அது வந்துவிடும்.

ஒரே ஒரு கூட்டம் போடுங்கள். கணினி அறை வேண்டாம், மழைமானி இருக்கும் இடத்துக்கே போங்கள். வர்க்கி வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம், மற்றவர்கள் குறுக்கே பேசக்கூடாது. பேசவேண்டியது ஒன்றுதான்: ‘இந்த மண்சரிவு விஷயத்தில் உங்கள் நாலு பேருக்கும் தெரியாத, எனக்கு மட்டும் தெரிந்தது என்ன?’ நீங்கள் கடைசியில் பேசுங்கள், தலைவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. அந்தப் புவியியல் பையனின் பழைய பக்கங்கள் உங்கள் மெயிலில் இருக்கும். ரிப்போர்ட்டில் அவற்றைத் திரும்ப வைத்துவிட்டு இன்று இரவே ஒரு செய்தி அனுப்புங்கள். ‘கேட்காமல் மாற்றியது தப்பு. உன் பகுதியைத் திரும்ப வைத்துவிட்டேன். கூடலூர், கோத்தகிரி வரம்பு பற்றி எனக்குப் புரியவில்லை, சனிக்கிழமை சொல்லித்தருகிறாயா?’ போதும், நீட்டவேண்டாம். உடனே பதில் வராது. ஹட்டியில் சிக்னல் இல்லாமலும் இருக்கலாம், அதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள்.

கூட்டத்தைப் பகல் பன்னிரண்டுக்கு வையுங்கள். பஸ் நாலரைக்குத்தானே.